நாலாம் பகுதிக்குச் சொந்தக்காரர்

கெலிஓயாச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நிரஞ்சனியின் கண்ணில் முதலில் பட்டது கிருஷ்ணராஜின் பல்வரிசைதான். தெருவுக்குக் குறுக்கே கட்டிய எட்டடிப் பதாகையில் கோட்டும் டையுமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ கணினியில் இழுத்து ஒட்டிய கருந்துளை ஒன்று, கருகிய அப்பம் மாதிரிக் கிடந்தது. ‘கருந்துளையின் மர்மத்தை அவிழ்த்த எம்மூர் விஞ்ஞானி பேராசிரியர் எஸ். கிருஷ்ணராஜ் அவர்களுக்கு மாபெரும் பாராட்டு விழா. சனிக்கிழமை மாலை நான்கு மணி.’ அதற்குக் கீழே ஊர்க் கடைகளின் பெயர்கள், அரிசிக்கடை முதல் செருப்புக்கடை வரை.

அவிழ்த்தாராம். சப்பாத்து லேஸை அவிழ்க்கவே பக்கத்தில் ஆள் நிற்கிறதா என்று பார்க்கிற மனிதர், கருந்துளையின் மர்மத்தை அவிழ்த்துவிட்டாராம். நிரஞ்சனிக்கு அந்தப் பதாகையை எட்டிப் பிடித்துக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. ஐம்பத்தொரு வயதில், கையில் குடையும் கோப்புமாக, நடுச்சந்தியில் அதெல்லாம் செய்ய முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய வீட்டை நோக்கி நடந்தாள்.

அந்த வாசலை அவள் மிதித்துப் பதினொரு வருடம் ஆகிறது. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பௌதிகவியல் துறையில், எதிரெதிர் அறைகளில் இருக்கிறார்கள். அவர் பேராசிரியர், அவள் சிரேஷ்ட விரிவுரையாளர். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் கடிதம் எழுதிப் பியோனிடம் கொடுப்பார்கள். நாலு எட்டு வைத்தால் போய்விடக்கூடிய தூரத்துக்குத் தபால். அந்தப் பியோன் மட்டும் இல்லாவிட்டால் இரண்டு பேரும் என்றைக்கோ ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்திருப்பார்கள்.

இப்போது தபால் உதவவில்லை. பேராசிரியர் பதவிக்கு அவள் போட்ட விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை பதிவாளர் கந்தோர் கிளார்க் பஹீம் திருப்பிக் கொடுத்திருந்தான்.

“எல்லாம் சரியா ஈக்கு மிஸ். ஆனா கூட எழுதின ஆள்ட சைன் இல்லாம இத எடுக்க ஏலா. வெள்ளிக்கிழம மூணு மணியோட குளோசிங்.”

கூட்டாக எழுதிய கட்டுரைகளில் எந்தப் பகுதியை யார் செய்தார் என்று மற்றவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அது இந்த வருடம் வந்த புதுச் சட்டம். பஹீமிடம் கோபித்துப் பயனில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? எய்தவர் கெலிஓயாவில் பாராட்டு விழா உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மூன்று கடிதங்களுக்கு அவரிடமிருந்து பதில் இல்லை. இன்று புதன்கிழமை.

நிரஞ்சனியின் தொழிலை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். கோட்பாட்டுப் பௌதிகவியலாளருக்கு ஆய்வுகூடம் இல்லை, வெள்ளைக் கோட்டு இல்லை, புகை கக்குகிற குப்பி இல்லை. கடதாசியும் பென்சிலும், மாதக்கணக்கில் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பொறுமையும்தான் மூலதனம். மஹியாவையில் மாநகரசபைத் தொழிலாளர் லயக் குடியிருப்பில், ஒற்றையறை வீட்டில் வளர்ந்தவள் அவள். நோர்வேயில் நாலு பனிக்காலம் நடுங்கிக் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பி வந்தபோது, கண்டி வீதிகளுக்குத் தார் ஊற்றியே முதுகு வளைந்த அவளுடைய அப்பா அழகமுத்து கேட்டது ஒன்றுதான்.

“கூரையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா சம்பளம் குடுக்குறாங்க?”

கிருஷ்ணராஜ் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். கெலிஓயாவில் மூன்று கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஜப்பானில் பட்டம் வாங்கிக்கொண்டு அவளுக்கு ஒரு வருடம் பின்னால் வந்து சேர்ந்தார். அந்த நாளில் அவர் அவளை “நிரஞ்சி” என்பார், அவள் “டேய் ராஜ்” என்பாள். தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு அவர்தான் ஒருநாள் கேட்டார்: சுழல்கிற ஒருவகைக் கருந்துளையை லேசாகத் தட்டிவிட்டால் அதைச் சுற்றி அலை எழுமே, அது அடங்குமா, பெருகுமா? நல்ல கேள்வி. கேள்வி அவருடையது என்பதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

கேட்டதோடு அவர் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கட்டுரையின் முதலிரண்டு பகுதிகளை அவர் எழுதினார். இந்தக் கேள்வி ஏன் முக்கியம், இதற்கு முன் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது அதில் இருந்தது. அழகாகத்தான் எழுதினார். மூன்றாம் பகுதியைச் சேர்ந்து எழுதினார்கள். நாலாம் பகுதிதான் விடை. சுழற்சி ஒரு எல்லைக்குள் இருந்தால் அலை அடங்கும் என்று காட்டும் நிறுவல். அதை நிரஞ்சனி கடுகண்ணாவையில் ஒரு வாடகை அறையில், பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில், பதினொரு மாதம் போட்டுப் போட்டு அழித்து முடித்தாள். நாலாம் பகுதியை எடுத்துவிட்டால் அந்தக் கட்டுரையில் மிஞ்சுவது வரவேற்புரை மட்டும்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் கட்டுரை வந்தது. உலகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் அதை எடுத்தாண்டார்கள். அதற்குப் பின் சேர்ந்து எழுதிய பத்துக் கட்டுரைகளிலும் இதே கதைதான். முதல் பக்கம் அவருக்கு, மிச்சம் அவளுக்கு. முதல் பக்கத்தைத் தாண்டி அவர் எதையும் படித்ததை அவள் கண்டதில்லை. முதல் பக்கத்தை வைத்துக்கொண்டே ஒரு மணித்தியாலம் பேசுவார், கேட்பவர்கள் கைதட்டுவார்கள்.

கேடு எங்கே வந்தது என்றால், பெயர் வரிசையில் வந்தது. அவர்களுடைய துறையில் கட்டுரை எழுதியவர்களின் பெயரை ஆங்கில அகரவரிசையில்தான் போடுவார்கள். முன்னால் இருப்பவர் பெரியவரும் இல்லை, பின்னால் இருப்பவர் எடுபிடியும் இல்லை. ‘கே’ எழுத்தில் தொடங்கும் கிருஷ்ணராஜ் முன்னுக்கும் ‘என்’ எழுத்தில் தொடங்கும் நிரஞ்சனி பின்னுக்கும் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களைப் போல அப்பா பெயரைக் கடைசியில் வைத்திருந்தால் அழகமுத்து என்று ‘ஏ’யில் தொடங்கி அவள்தான் முன்னால் நின்றிருப்பாள். அவளோ தமிழர் வழக்கப்படி அப்பாவை ஒற்றை எழுத்தாக முன்னால் நிறுத்திவிட்டு, ஏ. நிரஞ்சனி என்றே கையெழுத்துப் போட்டாள். வரிசைக்கு அர்த்தமே இல்லாத துறையில் எப்படிப் போட்டால் என்ன என்று நினைத்தாள். படித்தவள் செய்த முட்டாள்தனம் அது.

ஏனென்றால் பதவி உயர்வுக் குழுவில் இருப்பவர்கள் பௌதிகவியலாளர்கள் அல்லர். இரசாயனம், விவசாயம், மிருக வைத்தியம் என்று வேறு துறைக்காரர்கள். அவர்களுடைய வழக்கத்தில் வேலை செய்தவர் பெயர் முதலில், கூட நின்றவர் பெயர் அடுத்து. பதினொரு வருடத்துக்கு முன் கிருஷ்ணராஜ் நேர்முகத்துக்குப் போனபோது பதினொரு கட்டுரையிலும் முதல் பெயர் அவருடையது என்று அந்தப் பெரியவர்கள் அசந்துபோய்ப் புள்ளிகளை வாரிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு வசனம் அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பேராசிரியராகத் திரும்பி வந்தவரிடம் நிரஞ்சனி அதைக் கேட்டாள். அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

“அவங்க கேக்கல. நான் சொல்லல.”

அன்றைக்கு நின்றது பேச்சு. ஐந்து வருடம் கழித்து அவள் நேர்முகத்துக்குப் போனபோது, குழுவில் ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, “எல்லாவற்றிலும் இரண்டாவதாகவே இருக்கிறீர்களே, பேராசிரியருக்கு உதவியாளராக இருந்தீர்களா?” என்று மரியாதையாகவே கேட்டார். அந்தக் கேள்வியை அவள் இன்னும் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

கிருஷ்ணராஜின் மனைவி ஞானேஸ்வரி கதவைத் திறந்தாள். கம்பளையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவள், அதிகம் பேசமாட்டாள். நிரஞ்சனியைக் கண்டதும் ஒரு கணம் திகைத்து, பிறகு கதிரையை இழுத்துப் போட்டாள்.

கிருஷ்ணராஜ் கையில் உரையோடு வந்தார். “வாங்க மிஸ் நிரஞ்சனி. நீங்க எங்க வீட்டுக்கெல்லாம் வருவீங்களா?”

“வேற வழியில்லாமத்தான் வந்தேன் ப்ரொபஸர். இந்த ஃபோமில ஒங்க கையெழுத்து வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

அவர் படிவத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டார்.

“முப்பது வீதம்னு போட்டுத் தர்றேன்.”

“மிச்சம் எழுபது?”

“நான் பேராசிரியர் ஆனப்ப ரெண்டாவது பேருக்குக் குழுவே போட்ட கணக்கு அது. இப்ப மாத்தினா நான் பொய்யனாயிருவேன்ல.”

“நாலாம் பகுதிய யார் செஞ்சதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“ஐடியா யாரோடது? ஐடியா இல்லாம பகுதி எங்கிருந்து வரும்?” சிரித்தார், பதாகையில் இருந்த அதே சிரிப்பு. “மஹியாவை லயத்துல இருந்து இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. அதுவே பெரிசு. இன்னும் என்ன வேணும்?”

தேநீர் கொண்டுவந்த ஞானேஸ்வரி கோப்பையை மேசையில் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். நிரஞ்சனிக்குக் காது இரண்டும் சுட்டன. அந்தத் தேநீரை அவர் முகத்தில் ஊற்றினால் என்ன என்று உண்மையாகவே யோசித்தாள். பிறகு கொண்டுவந்த கோப்பினைத் திறந்து, தைத்த இரண்டு தாள்களை எடுத்து நீட்டினாள்.

“சரி. இதுலயும் ஒங்க கையெழுத்து வேணும். ரெண்டு பேரும் வச்சாத்தான் சஞ்சிகைக்கு அனுப்பலாம்.”

“என்ன இது?”

“நம்ம கட்டுரைக்குத் திருத்தம். நாலாம் பகுதியில பிழை இருக்கு.”

உண்மையிலேயே பிழை இருந்தது. விண்ணப்பத்துக்காகப் பழைய கட்டுரையை மறுபடி வாசித்தபோது ஒரு மாதத்துக்கு முன்தான் அவள் அதைக் கண்டாள். முப்பத்தோராவது சமன்பாட்டில், ஓரத்தில் வருகிற ஒரு உறுப்பைப் பூச்சியம் என்று போட்டிருந்தாள். அது பூச்சியம் இல்லை. பதினாறு வருடமாக உலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள், விட்டுப்போன உறுப்பைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தாள். குறைக்கும் என்று பயந்தது கூட்டியது. நிறுவல் விழவில்லை, இன்னும் பலமாக எழுந்து நின்றது. சுழற்சிக்கு அவர்கள் போட்ட எல்லையே வேண்டாம். எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அலை அடங்கும். முதல் தாளில் பிழையை எழுதியிருந்தாள், இரண்டாம் தாளில் புது விடையை. மேலே இரண்டு பேருடைய பெயரையும் வழக்கமான வரிசையிலேயே போட்டிருந்தாள். எதிரியாக இருந்தாலும் நியாயம் நியாயம்தான்.

கிருஷ்ணராஜ் முதல் தாளை வாசித்தார். காலை இறக்கினார். தாளின் கடைசி வரி, ‘ஆகவே அச்சில் வந்துள்ள வடிவில் இந்த நிறுவல் செல்லுபடியாகாது’ என்று முடிந்தது. அந்த வரியில் அவர் விரல் நின்றுவிட்டது.

“ரெண்டாம் பக்கத்தையும் பாருங்க,” என்றாள் நிரஞ்சனி.

அவர் காதில் விழவில்லை. கையால் ஈயை விரட்டுவதுபோல ஒரு வீச்சு வீசினார். “இத யாருக்காவது காட்டினீங்களா?”

“இல்ல. ஒங்ககிட்டத்தான் முதல்ல.”

“சனிக்கிழம விழா. அடுத்த மாசம் சிரேஷ்ட பேராசிரியருக்கு இன்டர்வியூ. இப்பப் போயி என் பேரைப் போட்டு, என் நிறுவல் பிழைன்னு நானே எழுதி அனுப்பணுமா?” குரல் ஏறியது. “நான் ஏன் அனுப்பணும்? நாலாம் பகுதி நீங்க செஞ்சது.”

பதினொரு வருடம் அவள் காத்திருந்த வசனம் அது. குழுவின் முன்னால் வர வேண்டியது, மேடையில் வர வேண்டியது, இங்கே பயத்தில் பிதுங்கி விழுந்தது. நிரஞ்சனிக்குச் சந்தோஷம் வரவில்லை. அடக்க முடியாத ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியதை இத்தனை காலம் வைத்துக்கொண்டிருந்தானே பாவி என்று இருந்தது.

“யார் செஞ்சது?” என்று மறுபடி கேட்டாள்.

“நீதான்.” ‘நீங்க’ பறந்துவிட்டது. “நீ தனியாத்தான செஞ்ச? கடுகண்ணாவை ரூமுல ஒக்காந்து? அந்தப் பதினொரு மாசமும் நான் அந்தக் கணக்குப் பக்கமே வரல. சத்தியமா ஒரு வரி நான் தொடல, நிரஞ்சி.”

“அத எழுதித் தாங்க.”

எழுதினார். யாரும் கேட்காத வேகத்தில் எழுதினார். துறைத் தலைப்பிட்ட கடதாசியை எடுத்து, ‘மேற்படி கட்டுரையின் நாலாம் பகுதியில் உள்ள சிந்தனை, கணிப்பு, முடிவு யாவும் முழுமையாக ஏ. நிரஞ்சனியுடையவை. அதில் எனக்கு எவ்விதப் பங்கும் இல்லை. அப்பகுதி தொடர்பான திருத்தங்களை அவர் தனித்து வெளியிடலாம். என் பெயர் அதில் இடம்பெறத் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். படிவத்திலும் நாலாம் பகுதிக்கு நேரே நூறு வீதம் என்று போட்டார். அந்த அவசரத்தில் மற்றப் பத்துக் கட்டுரைகளின் கணக்குப் பகுதிகளையும் அவள் தலையிலேயே கட்டினார். அவற்றிலும் என்னென்ன பிழை கிடக்கிறதோ, யார் கண்டது?

“அலுமாரியில சீல் இருக்கு, எடுத்துட்டு வா,” என்றார் மனைவியிடம்.

ஞானேஸ்வரி நகரவில்லை. “ரெண்டாம் பக்கத்தப் பாக்கச் சொன்னாங்களே.”

“நீ சும்மா இரு. ஒனக்கு இதெல்லாம் வெளங்காது.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நிரஞ்சனி பேசாமல் இருந்தாள். ஒருமுறை சொல்லியாயிற்று. இரண்டாம் முறையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்ல அவள் என்ன அவரைப் பெற்றவளா? ஞானேஸ்வரி சீலைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் மூன்று இடத்தில் குத்தினார். நிரஞ்சனி கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, படிவத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். திருத்தத்தின் பிரதியை மேசையிலேயே விட்டாள். தேநீரைத் தொடவில்லை.

கேற்றைத் தாண்டியதும் பின்னால் வெறுங்கால் ஓடிவரும் சத்தம் கேட்டது. கிருஷ்ணராஜ் கையில் இரண்டாம் தாள் இருந்தது. யார் திருப்பிக் காட்டினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வாசலில் ஞானேஸ்வரி கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

“நிரஞ்சி, அந்த உறுப்பு பொசிட்டிவ்னு போட்டிருக்க.”

“ஆமா.”

“அப்ப எல்லையே தேவையில்ல.”

“தேவையில்ல.”

எவ்வளவு சோம்பேறியானாலும் அவர் பௌதிகவியலாளர்தான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துவிட்டது. முகம் வெளிறிச் சிவந்தது. “இது திருத்தம் இல்ல. இது பழைய கட்டுரைய விடப் பெரிசு. அந்தக் கடிதத்தக் குடு, வேற எழுதித் தர்றேன். ஐம்பதுக்கு ஐம்பது. ரெண்டு பேரும் சேர்ந்தே போடுவம். கேள்வி என்னோடதுதான?”

“கேள்வி ஒங்களோடதுதான். அத எழுதுவேன், நன்றி சொல்ற இடத்துல.”

“ஏன் இத முதல்லயே சொல்லல?”

“சொன்னேன். நீங்க பக்கத்தத் திருப்பல.”

அவர் கோப்பைப் பிடிக்கக் கை நீட்டினார். அவள் குடையை இடையில் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. எம்மூர் விஞ்ஞானி கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கட்டுரை சஞ்சிகைக்குப் போயிற்று. பெயர் ஒன்றே ஒன்றுதான், நிரஞ்சனி அழகமுத்து. ஒரே பெயருக்கு வரிசை கிடையாது, எப்படிப் போட்டாலும் அதுதான் முதல். இருந்தும் அவள் அப்பாவின் பெயரை முழுசாகவே எழுதினாள், ஒற்றை எழுத்தாகச் சுருக்க இனி மனமில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குப் பதிவாளர் கந்தோரில் பஹீம் கோப்பை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினான். அவன் எல்லாப் பக்கத்தையும் படிக்கிற ஆள். கடிதத்துக்கு வந்ததும் நிதானித்து முழுவதையும் வாசித்தான். கண்கள் விரிந்தன.

“மாஷா அல்லாஹ். என்ன பெரிய மனசு மிஸ் ப்ரொபஸருக்கு. தன்ட பேரே தேவையில்லண்டு எழுதித் தந்தீக்காரே. இந்தக் காலத்தில ஆரு மிஸ் இப்பிடிச் செய்ற?”

நிரஞ்சனி கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதற்கும் பெயர் அவருக்கே. பயத்தில் எழுதியது பெருந்தன்மையாகிவிட்டது. நாளைக்கு இதையும் பதாகையில் போடுவார்கள். பதினாறு வருடக் கதையையும் அந்த இடத்திலேயே பிட்டுப் பிட்டு வைக்க வாய் திறந்தாள். சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பது காட்டியது. வாயை மூடிக்கொண்டாள்.

“ஆமா. பெரிய மனசுதான். சீலக் குத்துங்க பஹீம்.”

அவன் குத்தினான். திகதியிட்டான். பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டான்.

“நானும் கெலிஓயாதான் மிஸ். நாளைக்கி விழாவுக்கு வருவீங்க தானே?”

நிரஞ்சனி பற்றுச்சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“வருவேன். முன் வரிசையில ஒரு கதிரை போட்டு வைங்க. நாலாம் பகுதியப் பத்தி அவரு என்ன பேசுறார்னு கேக்கணும்.”